ஒன்பது நாள் பச்சை

மணலைப் பார்த்து மயங்கியவள் ஈப்போ வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தோட்டத்துப் பெண்கள் கடையில் தொங்கிய சீட்டித் துணியைப் பார்த்து மயங்கினார்கள், பித்தளைச் செம்பைப் பார்த்து மயங்கினார்கள். எனக்கு வாய்த்தது சிம்பாங் பூலாய்க்குப் பக்கத்தில், லம்பம் என்கிற ஈயச் சுரங்கத்துக்காரர்கள் மலையடியைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து, ஈயத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் போன வெள்ளை மணல்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றாம் வருஷம் மலாயாவில் கப்பலில் வந்து இறங்கினேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. என் ஊர் கமுதிக்குத் தெற்கே இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய மட்டும் பொட்டல், அங்கங்கே உடைமரம், தூரத்தில் பத்துப் பனை. என் புருஷன் இங்கேயே ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவர். பிள்ளை வரம் கேட்டு அவருடைய அம்மா பத்துமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டதால் அவருக்குப் பத்துமலை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெண் எடுப்பதற்காக மட்டும் தன் அப்பாவின் ஊருக்கு வந்தார், ஒரு மாதம் இருந்தார். அதற்கு முன்னும் பின்னும் இந்தியாவை அவர் பார்த்ததில்லை.

கல்யாணமான மறுநாள் பொட்டலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, இங்கே எதுவுமே உயிரோடு இல்லையே என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. மழை வரட்டும், பிறகு பேசுங்கள் என்றேன். பத்தாம் நாள் ஒரே ஒரு மழை பெய்தது. மூன்றாம் நாள் காலையில் அதே பொட்டல் முழுக்கப் பச்சை. எங்கே ஒளிந்திருந்தனவோ, சிவப்புப் பட்டுப்பூச்சிகள் ஊர்ந்தன. அவற்றை மிதித்துவிடக் கூடாதே என்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்ற கோலத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் நெஞ்சு கனக்கும்.

தோட்டம் எனக்கு ஒட்டவேயில்லை. வரிசை வரிசையாகப் பால்மரம், அதற்குப் பின்னால் பெருங்காடு. அண்ணாந்து பார்த்தால் வானத்துக்குப் பதில் இலைதான். எங்கள் ஊரில் அரை மைலுக்கு அப்பால் வருகிறவரை நடையை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவோம். இங்கே பத்தடி தள்ளி நிற்பது மனுஷனா புலியா என்று தெரியாது. அவர் அந்தக் காட்டுக்குள் மாமியார் வீட்டுக்குப் போகிறவர் மாதிரி போய் வருவார். எனக்கு அதன் ஓரத்தில் நின்றாலே மூச்சு முட்டும்.

மறுவருஷம் ரப்பர் விலை விழுந்துவிட்டது என்று துரை பாதி ஆட்களை நிறுத்தினார். எங்கள் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. நிறுத்தப்பட்டவர்களுக்கு இரண்டு வழி. ஊருக்குப் போகக் கப்பல் டிக்கெட்டு உண்டு. இங்கேயே இருக்க நினைத்தால், மலாய்க்கார ஊர்த்தலைவரான பெங்குளுவைப் பார்த்து, சாப்பாட்டுப் பயிர் போடுவதற்கு ஒரு வருஷ அனுமதியில் துண்டு நிலம் வாங்கிக்கொள்ளலாம். வருஷ முடிவில் வந்து பார்ப்பார். பயிர் நின்றால் அனுமதி நீளும்.

நான் கப்பல் என்றேன். அவர் நிலம் என்றார். மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அடுத்த மாரியம்மன் திருவிழாவரை ஒரு வருஷம் இருந்து பார்ப்பது. நிலம் விளைந்தால் இங்கேயே இருந்துவிடுவது, விளையாவிட்டால் கப்பல் ஏறுவது. அந்தத் தவணை வரைக்கும் டிக்கெட்டுச் சீட்டு செல்லும் என்று தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியும் சொல்லிவிட்டார்.

பெங்குளு காட்டிய இடம் இரண்டு. ஒன்று காட்டின் ஓரம், மற்றது அந்த மணல். என் புருஷன் காட்டோரம்தான் என்று முடிவே செய்திருந்தார். நான் மணலைப் பார்த்தேன். மேலே முழு வானம், நாலு பக்கமும் வெளிச்சம். குனிந்து கையால் பிராண்டினேன். ஒரு முழ ஆழத்தில் தண்ணீர் ஊறி வந்தது. எங்கள் ஊரில் ஒரு குடம் தண்ணீருக்கு இரண்டு மைல் நடந்தவள் நான். தண்ணீர் இருக்கிற மண்ணில் எது விளையாது? எங்கள் சீமை ஆள் யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்.

அவர் மணலை அள்ளி விரலிடுக்கில் விட்டுப் பார்த்தார்.

"ஒன் ஊரு தூங்குது, ராக்காயி. தண்ணி தெளிச்சா எந்திரிச்சுரும். இது அப்படி இல்லலா. இங்க தெனம் மழை பேயுது, தண்ணியும் கெடக்கு. ஒரு புல்லு மொளச்சிருக்கா பாரு. இது செத்துப் போச்சு."

என் ஊரைப் பார்த்தும் முதலில் இப்படித்தான் சொன்னீர்கள் என்றேன். 

முடிவை மாரியம்மனிடமே விட்டோம். அந்த வாரம் தோட்டத்துக் கோயிலில் அந்த வருஷத் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்டிருந்தது. ஒன்பது தானியத்தைச் சட்டியில் விதைத்து, இருட்டறையில் வைத்து, பெண்கள் சுற்றி வந்து கும்மி தட்டித் தண்ணீர் தெளித்து வளர்ப்போம். ஒன்பதாம் நாள் எடுக்கும்போது பயிர் எப்படி நிற்கிறதோ, அந்த வருஷம் அப்படி. மற்றவர்கள் செம்மண்ணும் எருவும் போட்டார்கள். நான் பிடிவாதமாக அந்த வெள்ளை மணலை மட்டும் நிரப்பினேன். அந்த ஒன்பது நாளும் மழை, அறைக்கூரை ஒழுகியது. செம்மண் சட்டிகளில் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகிவிட்டது. என் சட்டியில் மட்டும் ஒரு முழத்துக்கு நெடுநெடுவென்று நின்றது.

பக்கத்து லயத்துக் காளியம்மா அக்கா சட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மா உத்தரவு கொடுத்துவிட்டாள் என்றாள். சாமி சொன்ன பிறகு மனுஷன் என்ன சொல்வது? மறுநாளே அவர் பெங்குளுவிடம் போய் மணலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். திரும்பி வரும் வழியில் நான் கோயில் மாடு மாதிரி நிமிர்ந்து நடந்தேன்.

குடிசை போட்டோம். லம்பத்துச் சீனருக்கு விறகு வெட்டிப் போடும் வேலை அவருக்குக் கிடைத்தது. காலையில் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போவார், பொழுது சாய விறகோடு வருவார். நான் அவரைக்கொட்டை ஊன்றினேன், பயறு ஊன்றினேன், ஊரிலிருந்து முந்தானையில் முடிந்து வந்த பூசணி விதையை ஊன்றினேன். எல்லாம் மூன்றாம் நாளே முளைத்தன. நான் அவரைப் பார்த்த பார்வையில் எத்தனை மிடுக்கு இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பத்து நாள் கழித்து எல்லாம் மஞ்சளாயின. நாலிலைக்கு மேல் ஒன்றும் எழவில்லை. மறுபடி ஊன்றினேன், மறுபடியும் அதே கதை. வெயில் என்றேன், கண்ணேறு என்றேன், லம்பத்துச் சங்குச் சத்தம் என்றுகூடச் சொன்னேன். மண்ணைச் சொல்ல மட்டும் எனக்கு மனம் வரவில்லை. அம்மா கொடுத்த மண் அல்லவா.

ஒரு நாள் அவர் காட்டிலிருந்து ஒரு கூடை கறுப்பு மண் கொண்டுவந்து குழியில் போடப் போனார். எனக்கு வந்ததே கோபம். சாமி காட்டிய மண்ணுக்குக் காட்டு மண்ணைக் கடன் வாங்கிப் போடுவதா, அப்படியானால் முளைப்பாரி பொய்யா என்று கத்தினேன். கூடையைப் பிடுங்கி, லம்பத்துக்காரர்கள் தோண்டிவிட்டுப் போன குளத்தில் கொட்டினேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட வந்துவிட்டார்.

உள்ளுக்குள் எனக்கு ஒரு கணக்கும் ஓடியது, அதை மறைக்கக் கூடாது. விளையாவிட்டால் கப்பல். தோற்றாலும் எனக்கு லாபம்தான். அந்த நினைப்பில்தான் மஞ்சள் இலைகளைப் பிடுங்கும்போது கண் கலங்கவில்லை.

ஐப்பசி வாக்கில் ஓர் அதிசயம் நடந்தது. அவர் தினமும் வந்து போகிற ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில் ஊன்றியிருந்த பூசணிகள் மட்டும் கருகருவென்று எழுந்தன. கொடி ஓடியது, பூ வைத்தது. வேறெங்கும் ஒன்றுமில்லை. உங்கள் கால் ராசி என்று அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் சிரித்தார். கால் ராசிக்காரர் என்று காளியம்மா அக்காவிடமும் பீற்றிக்கொண்டேன். அவர் வரும்போது இன்னும் இரண்டு குழியைச் சுற்றி நடக்கச் சொன்னேன். அவரும் சொன்னபடி நடந்தார். அந்த இரண்டும் எழுந்தன.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பெருமழை அடித்து ஓய்ந்தது. காலையில் காய்களைப் பார்க்கப் போனேன். மேல்மணலை மழை அரித்துக்கொண்டு போயிருந்தது. பூசணித் தூரைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். மக்கிய இலை, சுள்ளி, வேர்த்துணுக்கு. அதிலிருந்து நான் ஊன்றாத ஒரு கன்று முளைத்திருந்தது. தளிர் சிவப்பாக, இலை கையகலம். எங்கள் ஊரிலும் அப்படி ஒன்று கிடையாது, தோட்டத்திலும் கிடையாது. அது காட்டு மரம். அது தானாக இங்கே நடந்து வந்திருக்காது.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஒப்பந்தத்தில் ஜெயிப்பதற்காக என்னை ஏமாற்றியிருக்கிறார். ராசியாம் ராசி. கன்றைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கோடாலிச் சத்தம் வந்த திசையில் நேரே நடந்தேன். பாதி தூரம் போன பிறகுதான் நான் காட்டுக்குள் இருக்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது.

பயம் வந்தது. ஆனால் திரும்பிப் போவதற்கும் பயமாக இருந்தது. கணுக்காலில் அட்டை ஏறியது. எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம், மேலே ஏதோ ஒரு பறவை விசிறியை வீசுகிற மாதிரி இறக்கையடித்துப் போனது. காலின் கீழே தரை மெத்தென்று அமுங்கியது. ஒரு பெரிய மரத்தின் வேர்களுக்கு நடுவே அவர் குந்தியிருந்தார். கோடாலி பக்கத்தில் கிடந்தது. இரண்டு கையாலும் மண்ணை வாரிக் கூடையின் அடியில் போட்டு, அதன்மேல் விறகை அடுக்கிக்கொண்டிருந்தார்.

நான் கன்றை அவர் முன்னால் எறிந்தேன். எத்தனை நாளாக நடக்கிறது இந்தத் திருட்டு என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. குழிக்கு நாலு கூடை, அதற்குக் குறைந்தால் கொடி எழாது, ஒரு நாளைக்கு ஒரு கூடைக்கு மேல் உனக்குத் தெரியாமல் கொண்டுவர முடியவில்லை என்று கணக்குச் சொன்னார். கப்பல் ஏறாமல் இருக்கத்தானே இதெல்லாம் என்றேன். ஆமாம் என்றார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"ஒன் ஊருல நானு முளைப்பாரிதான், புள்ள. ஒம்பது நாளு பச்சையா நிப்பேன். அதுக்கு மேல முடியாது."

என் சட்டியில் நின்ற பயிர் நினைவுக்கு வந்தது. ஒரு வாரம், பத்து நாள் எந்தப் பயிரும் விதைக்குள் இருக்கிற தன் சொந்தப் பாலைக் குடித்தே வளரும். மண்ணைத் தேடுவது அதற்குப் பிறகுதான். இது எனக்குத் தெரியாதா என்ன? சம்சாரி வீட்டில் பிறந்தவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? எனக்கு வேண்டிய பதிலைச் சாமியின் வாயில் போட்டு வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். அம்மா மேல் பழியில்லை.

அவர் தோண்டிய பள்ளத்தில் நானும் கையை விட்டேன். கறுப்பு மண் ஒரு சாண்கூட இல்லை. அதற்குக் கீழே அதே வெள்ளை மணல், எங்கள் குடிசை வாசலில் கிடக்கிற அதே மணல். இத்தனை பெரிய காடு நின்றது அந்த ஒரு சாண் மேல்தான். அதுவும் யாரும் கொண்டுவந்து போட்டதில்லை, காடு தானே உதிர்த்துத் தானே சேர்த்துக்கொண்டது. லம்பத்துக்காரர்கள் கழுவி ஓடவிட்டது இதைத்தான். என் ஊர்ப் பொட்டலையும் யாரும் கழுவவில்லை. அங்கே மழை இல்லை, அவ்வளவுதான். அதற்குள் இருக்கிறதெல்லாம் காத்துக்கொண்டிருக்கிறது. வெட்டவெளியெல்லாம் ஒன்று என்று நான் நினைத்திருந்தேன். என் பொட்டலுக்கு இந்தக் காடு ஒன்றுவிட்ட அக்கா தங்கை முறை. அந்த மணலுக்குத்தான் உறவு என்று யாருமில்லை.

அழுதேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அட்டையை ஒவ்வொன்றாகக் காலிலிருந்து எடுத்துப் போட்டார். பிறகு நான் சொன்னேன், "கூடையை எறக்கி வைங்க. மண்ணு எதுக்கு அங்க வரணும், நம்மளே இங்க வந்துருவோம்."

பெங்குளு நல்ல மனுஷர். பூசணிக்காய் இரண்டை வாங்கிக்கொண்டு, மணலுக்குப் பதிலாகக் காட்டோரத்துத் துண்டை எழுதிக் கொடுத்தார். காளியம்மா அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லவில்லை. கால் ராசி என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். திருவிழா வந்தது. கப்பல் டிக்கெட்டுச் சீட்டை அவர் என் கையில் கொடுத்து, உன் இஷ்டம் என்றார். அடுப்பில் தீ பிடிக்காமல் புகைந்துகொண்டிருந்தது. அந்தச் சீட்டைத்தான் வைத்து மூட்டினேன்.

அந்தக் காட்டோரத்தில் ஐந்து வருஷம் இருந்தோம். என் ஆயுளில் அந்த ஐந்தை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும், மற்றதை யாரும் வைத்துக்கொள்ளலாம். விடியற்காலையில் வாலில்லாத குரங்குகள் கூவும். முதலில் அது எனக்கு ஒப்பாரி மாதிரி கேட்டது, பிறகு அது கேட்காவிட்டால் உலை வைக்க ஓடாது. முள்ளு முள்ளான டுரியான் பழம் விழும் மாதத்தில் தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு அவர் பொறுக்கப் போவார், நான் நாற்றம் நாற்றம் என்று திட்டிக்கொண்டே பங்கு கேட்பேன். மழைக்கு முன் காடு முழுவதும் ஒரு மணம் எழும். எங்கள் ஊரில் முதல் மழை விழுந்ததும் எழுகிற அதே மணம். இங்கே அது வாரத்துக்கு இரண்டு முறை வந்தது. அப்போதெல்லாம் அவர் வேலையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் ஊரை நினைக்கிறேனா என்று பார்ப்பார். நினைக்கத்தான் செய்தேன், ஆனால் போக வேண்டும் என்று நினைக்கவில்லை. அதை அவரிடம் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு எதற்கெல்லாமோ வாய் நீண்டது, இதற்கு நீளவில்லை.

இருபத்தெட்டாம் வருஷம் காய்ச்சலில் போனார். ஆறு நாள். கடைசி நாள் வரை புலம்பலில் கூடை கூடை என்றார்.

நம் ஆட்களுக்கு இடுகாடு விட்டிருந்தது மணலில். எதற்கும் உதவாத நிலம் என்று லம்பத்து மணலின் ஒரு மூலையை ஒதுக்கியிருந்தார்கள். ஆம்பிளைகள் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். தோண்டச் சுலபமாக இருந்தது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எனக்கு அன்று ராத்திரி கண் மூடவில்லை. எதை அவர் செத்துப்போன மண் என்றாரோ, அதில் அவரைத் தனியாகப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் பால் தெளிக்கப் போகும்போது நானும் வருகிறேன் என்றேன். பெண்பிள்ளை இடுகாட்டுக்கு வருவதா என்று பெரியவர்கள் மறித்தார்கள். வழியை விடுங்கள் என்று காளியம்மா அக்காதான் அவர்களை விலக்கிவிட்டுத் தானும் கூட வந்தாள். நான் முதலில் காட்டுக்குப் போனேன். அவர் தோண்டுகிற அந்த வேரடிக்கே போய், கையாலேயே வாரி, அவருடைய விறகுக் கூடையை நிரப்பினேன். மறைப்பதற்கு மேலே விறகு அடுக்கவில்லை. தலையில் வைத்துக்கொண்டு எல்லார் கண்ணும் பார்க்க நடந்துபோய், அவர் மேல் கொட்டிப் பரப்பினேன்.

காளியம்மா அக்கா என் காதருகே குனிந்து, "ஒரு கூடை போதுமா தங்கச்சி?" என்று கேட்டாள்.

கேலியில்லை, உண்மையாகவே கேட்டாள். பூசணிக் கொடி ஒன்றுக்கு நாலு கூடை என்று அவர் கணக்குச் சொல்லியிருந்தார். ஓர் ஆளுக்கு எத்தனை கூடை என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியாததால் மறுநாளும் கொண்டுபோனேன், இன்னும் கொண்டுபோகிறேன்.